பஸ் சாருக்கு ஒரு சீட்

டீசல் இல்லாத, டிரைவர் இல்லாத, ஒரு இஞ்ச்கூட நகராத பஸ்ஸில் ஒரு கம்பெனியையே ஏற்றிக் கரைசேர்த்த மனுஷர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் பஸ் சார். நிஜப் பெயர் சம்பள ரசீதில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

2007. காலேஜ் முடித்த சூட்டோடு கடலூருக்கு வெளியே ஒரு ஊறுகாய் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். எங்கள் எல்லாருக்கும் சிதம்பரத்திலிருந்து கம்பெனி பஸ். பஸ் சாரும் அதில்தான் வருவார். தொழிலாளிகளைப் பேசவைத்து, அவர்கள் சொல்வதை வைத்தே வேலையைச் சீர்செய்ய வேண்டும் என்று முதலாளி எங்கோ மீட்டிங்கில் கேட்டுவிட்டு வந்து, அதற்கென்று எடுத்த ஆள். சட்டைப்பையில் பேனா இருக்காது, கலர் சாக்பீஸ்தான் இருக்கும். மழையில் நனைந்தால் மனுஷருக்கு நெஞ்சிலிருந்து வானவில் வழியும்.

முதல் மாதம் கேண்டீன் சுவரில் பெரிய பலாப்பழம் வரைந்தார்.

"இதாம்ப்பா நம்ம கம்பெனி. சுளை எது, பிசின் எது, முள்ளு எது? பயப்படாம சொல்லுங்க."

மெஷின் ஆபரேட்டர் பாஷா பாய் பரங்கிப்பேட்டைக்காரர், பயம் என்றால் என்னவென்று தெரியாதவர். "முள்ளு மேனேஜரு சார்" என்றார். மேனேஜர் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பலாப்பழம் அன்றைக்கே அழிக்கப்பட்டது.

பாஷா பாய் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை ஷிஃப்ட் முடிகிற நேரம் மாலை ஷிஃப்ட்டை ஏற்றிக்கொண்டு பஸ் கேட்டுக்குள் நுழையும். வந்தவர்கள் இறங்குவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். சீட்டு கம்மி, ஆள் ஜாஸ்தி. பொழுதெல்லாம் நின்ற காலோடு சிதம்பரம் வரைக்கும் நிற்க யாரால் முடியும்? ஓட்டத்தில் எப்போதும் பாய்தான் முதல். அடுத்து பேக்கிங் செல்வி அக்கா. அக்கா டிபன் பையை எறிந்தால் அது நேராக ஜன்னலோர சீட்டில் போய் உட்காரும்.

அப்போதுதான் பாக்கெட் ஒழுக ஆரம்பித்தது. கடைகளுக்குப் போன சரக்கு எண்ணெய் வடிய வடிய லாரியோடு திரும்பி வந்தது. பிளாஸ்டிக் சரியில்லை என்றார்கள், எண்ணெய் சரியில்லை என்றார்கள், லாரி குலுக்கியது என்றுகூடச் சொன்னார்கள். மேனேஜர் கேண்டீனுக்கு வந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். அடுத்த லோடும் திரும்பினால் பேக்கிங்கில் காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரையும் நிறுத்திவிடுவோம்.

செல்வி அக்கா காண்ட்ராக்ட். கீரப்பாளையத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வருகிறவர். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், படிப்பு இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. மேனேஜர் போனதும் அக்கா பஸ் சாரிடம் வந்தார்.

"சார், நீங்க படம் போடுங்க, வேணாங்கல. என் வேல போவாத மாதிரி ஒரு படம் போடுவீங்களா?"

பஸ் சார் கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார்.

மறுநாள் சுவர் முழுக்க ஒரு பஸ். டிரைவர் சீட், கண்டக்டர் மணிக்கயிறு, படிக்கட்டு, கூரையில் லக்கேஜ் வரைக்கும் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டுத் துணியும் கொஞ்சம் பசையும் கொடுத்தார். கூட்டத்துக்காக மாலை ஷிஃப்ட்டையும் சீக்கிரமே வரவழைத்திருந்தார்.

"இதான் நம்ம கம்பெனி பஸ்ஸு. நீங்க எங்க இருக்கீங்கன்னு நெனைக்கிறீங்களோ அங்க துண்டப் போடுங்க. ஒரு நிபந்தன. மேனேஜர் சார் வெளிய இருப்பாரு."

அவர் எதிர்பார்த்தது ஆழமான சிந்தனை. கிடைத்தது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு. பஸ் என்று பார்த்ததும் மொத்தக் கூட்டமும் ஜன்னல் சீட்டுக்குப் பாய்ந்தது. ஒரே சீட்டில் ஏழெட்டுத் துண்டு. பாஷா பாய் ஒட்டியதைப் பிய்த்துவிட்டு மாலை ஷிஃப்ட் ஆபரேட்டர் ஆரோக்கியம் தன்னுடையதை ஒட்டினார்.

"யோவ் மச்சான், அது என் எடம்யா!"

"செவுத்துல கூடவா எடம் புடிப்ப? ஷிஃப்டு முடிய பத்து நிமிஷம் இருக்கும்போதே மெஷின வுட்டுட்டு ஓடுறவன்தான நீ!"

"நான் ஓடுனா என்னா? நீ வந்து பாக்க வேண்டிதான!"

"நான் எறங்கி, கை கழுவி, தொப்பி மாட்டிகினு வர வேணாமா? அதுவரைக்கும் நீ இருக்கன்னு நெனச்சேன்."

"நீ வந்துட்டன்னு நான் நெனச்சேன்..."

பாய் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

பாக்கெட்டில் ஊறுகாயை நிரப்பி சீல் வைக்கிற மெஷின் தானாக ஓடும். ஆனால் ஆள் பக்கத்திலேயே நின்று பாக்கெட்டின் வாயில் எண்ணெய் படாமல் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்டால் சீல் ஒட்டாது. தினமும் ஷிஃப்ட் மாறும்போது அந்த மெஷின் ஆளே இல்லாமல் ஓடியிருக்கிறது.

செல்வி அக்கா மெதுவாகச் சொன்னார். "நானுந்தான் சார் ஓடுனேன். கடைசிப் பாக்கெட்ட அழுத்திப் பாக்காமயே பொட்டில போட்டுட்டு ஓடுனேன்."

பஸ் சார் யாரையும் திட்டவில்லை. "கண்டுபிடிச்சாச்சு" என்று குதிக்கவும் இல்லை. "கால் வலிக்குது, ஓடுறீங்க. சீட்டு நிச்சயம்னா ஓடுவீங்களா?" என்று கேட்டார்.

"எதுக்கு சார் ஓடப்போறோம்?"

அன்றைக்கே சுவர் பஸ்ஸில் சீட்டுக்கு ஒரு பெயர் எழுதப்பட்டது. நிஜ பஸ்ஸிலும் அதேதான். இடம் பத்தாதவர்கள் வாரம் மாறி வாரம் நிற்பது என்று முடிவு. ஆரோக்கியம் வந்து தோளைத் தட்டினால்தான் பாஷா பாய் மெஷினை விட்டு நகருவார். மேனேஜர் மட்டும், "பஸ்ல எடம் புடிச்சுக் குடுக்கத்தான் இவருக்கு சம்பளமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "சார், உங்க பேரயே காணமே?"

"வரையிறவன் வெளிய நிக்கணும்டா. உள்ள ஒக்காந்துட்டா பஸ்ஸு தெரியாது."

தத்துவம் என்று நினைத்தேன். நிஜ பஸ்ஸிலும் அவருக்கு சீட் இல்லை. வாரம் மாறி வாரம் எல்லாம் மற்றவர்களுக்குத்தான். அவர் தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போக வர நின்றே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து ஆள் தோளில் சாக்பீஸ் பொடி கொட்டும்.

அடுத்த லோடு திரும்பவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. செல்வி அக்கா வேலை தப்பியது. பஸ் சார் வேலைதான் தப்பவில்லை. ஒழுகல்தான் நின்றுவிட்டதே, இனி இவர் எதற்கு என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. ஒரு சனிக்கிழமை அழைத்துச் சொன்னார்கள். அவர் மிச்சமிருந்த சாக்பீஸைக் கேண்டீன் மேஜையில் வைத்துவிட்டு, அன்றைக்கும் நின்றுகொண்டே சிதம்பரம் வந்து இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை நான் ஏறியபோது பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆனால் செல்வி அக்காவின் ஜன்னல் சீட் காலியாக இருந்தது. அதன்மேல் அவருடைய டிபன் பை. அக்கா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒக்காரலாமாக்கா?"

"அது சாரு எடம்."

"அவருதான் வரமாட்டாரேக்கா?"

"தெரியும். இத்தன நாளு நின்னுகினே வந்தாரே, அதான் எடம் போட்டு வெச்சேன்."

நான் பாஷா பாயைப் பார்த்தேன். ஜன்னல் சீட்டுக்காக மெஷினையே விட்டு ஓடிய மனுஷர், தலையைக் குனிந்துகொண்டார். கடலூர் வரைக்கும் அத்தனை பேர் நின்றோம். அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.