அரை மூட்டை யூரியா

இந்த வருஷம் உரம் என் இலாகா என்று வீட்டில் அறிவித்தேன். மற்ற எல்லா இலாகாவும் மனைவியிடம். அதுவரை நான் இலாகா இல்லாத மந்திரி. போன வருஷம் எங்கள் வயலில் சூரியகாந்தி சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் பூத்தது. இதைவிட மோசமாக என்னாலும் கெடுக்க முடியாது என்று எனக்குத் துணிச்சல் வந்திருந்தது.

"செடி முளைச்சு ரெண்டு வாரம் ஆச்சு. யூரியாவை மொத்தமா ஒரே தடவையில போட்டுடப் போறேன்," என்றேன்.

"மூணாப் பிரிச்சுப் போடணும். நம்மது களிமண்ணு. நேத்து பெய்ஞ்ச தண்ணி இன்னும் வடியல. இப்போ போட்டா பாதி ஆவியாகிக் காத்தோட போயிடும்."

"மூணு தடவை யாரு நடக்கிறது?"

"அப்போ நீங்களும் மூணு வேளைச் சோத்தையும் காலையிலயே சாப்பிட்டுடுங்க. எனக்கு அடுப்படி வேலை மிச்சம்."

பேச்சில் ஜெயிக்க முடியாதவன் செயலில் இறங்க வேண்டும். அவள் துணி உலர்த்தப் போன சமயம் பார்த்து, அரை மூட்டை யூரியாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினேன்.

பத்தாவது அடியில் வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அண்ணனைத் தேடிப் போன தம்பி மாதிரி அது இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. மூட்டையைக் கீழே போட்டால் யூரியா சேற்றில் கரைந்து, சுற்றியிருக்கும் செடியெல்லாம் கருகிவிடும். தலையில் வைத்தபடியே நின்றேன். ஒரு காக்கை வந்து மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தது. இடம் வசதியாக இருந்திருக்க வேண்டும். குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொண்டது.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி வரப்புக்கு வந்தாள்.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?"

"மண் ஆய்வு."

"சரி, முடிச்சுட்டு வாங்க." திரும்பி நடந்தாள்.

"நில்லு, நில்லு. மாட்டிக்கிட்டேன்."

நின்றாள். "உரம் எத்தனை தடவை?"

"ரெண்டு."

மறுபடி நடந்தாள்.

"சரி, மூணு. நீ சொல்ற நாள், நீ சொல்ற அளவு."

"செடிக்குப் பக்கத்துல கீறிப் போட்டு மண்ணால மூடணும்."

"மூடறேன். என்னையே மூடிட்டிருக்கு இந்த மண்ணு."

அவள் குரல் கொடுத்ததும் அவள் தம்பி பலகைகளோடு வந்தான். பலகைமேல் நடந்து வந்த அக்காவும் தம்பியும் முதலில் மூட்டையை இறக்கி, வீட்டில் பத்திரமாக வைத்தார்கள். பிறகு டீ குடித்தார்கள். அப்புறம்தான் என் ஞாபகம் வந்தது.

அவள் குறித்த நாட்களில், ஈரம் வடிந்த பிறகு, மூன்று தடவையும் நான்தான் குனிந்து கீறிப் போட்டு மூடினேன். அறுவடையில் ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு. விதையை அள்ளினால் கை கனத்தது.

செய்தி கேட்டு விவசாய அதிகாரி வந்தார். "இந்த மண்ணுல இப்படி ஒரு மகசூலா? யாரு சார் யோசனை?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தைரியமாக, "என் யோசனைதான்," என்றேன். களிமண் இளகட்டும் என்று விதைக்கும்போதே ஜிப்சம் போட்டது, யூரியாவைப் பிரித்தது எல்லாவற்றையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே ஒப்பித்தேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் மெல்ல அதிகாரியின் பின்னால் நகர்ந்தேன்.

"அம்மா, எல்லாம் சாரோட யோசனையா?"

"அவர்தாங்க எல்லாம். எனக்கு என்ன தெரியும்?"

இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன தவம் செய்தேனோ என்று கண் கலங்கினேன். அதற்குள் அதிகாரி ஒரு தாளை நீட்டினார்.

"இந்தப் பக்கம் இன்னும் பதினேழு பேருக்குக் களிமண் வயல் சார். முன்னோடி விவசாயி ஒருத்தர் போய் உரம் போட்டுக் காட்டணும். வயலுக்கு மூணு தடவை. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. கையெழுத்துப் போடுங்க."

ஐம்பத்தொரு தடவை. இப்போதே இடுப்பு வலித்தது. "இதுக்கு அவளையே கேட்டிருக்கலாமே," என்று இழுத்தேன்.

"முதல்ல அவங்களைத்தான் சார் கேட்டோம். போன வாரமே சொல்லிட்டாங்க. யாரு யோசனைன்னு மட்டும் கேளுங்க, அவரே வாயைத் திறந்து வாங்கிப்பாருன்னு."