டாங்கியைத் திறவாதார்

நீங்கள் பலமுறை கண்டும் பெயரிடாமல் விட்டுவிட்ட ஓர் இனத்தை இன்று உங்கள்முன் நிறுத்துகிறேன். சாலையோரப் புளியமரத்தடியில், முன்மூடி திறந்த பழைய காருக்குள் தலையை விட்டு, ஊசித்துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டை உதட்டில் பொருத்தி, கன்னமிரண்டும் புடைக்க ஊதிக்கொண்டிருக்கும் பெரியவரைப் பார்த்திருப்பீர்களே, அவரேதான். நாதசுர வித்துவானோ என்று ஐயுற வேண்டா. கார்புரேட்டரின் ஜெட் என்னும் உறுப்பில் அடைத்த துருவை வெளியேற்றுகிறார். ஊதி முடித்ததும் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்து, வைரம் பார்ப்பவர்போல் ஒற்றைக்கண்ணால் நோக்கி, “போயிடுச்சு!” என்பார். எது போயிற்று? கடுகில் பாதி. எஞ்சிய துரு முழுவதும் பெட்ரோல் டாங்கியின் அடியில் அடுத்த மூன்று மைலுக்காகக் காத்துக் கிடக்கிறது. டாங்கியைக் கழற்றிக் கழுவலாமே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதொழிய வேறெதையும் செய்வார்.

மன்னார்குடிப் பக்கத்து மிராசுதார் பஞ்சநதம் இவ்வினத்தின் திலகம். தந்தையார் வாங்கிய சீமைக் கார் அவருடையது. காவிரித் தென்கரையில் பாடல்பெற்ற தலங்கள் நூற்றிருபத்தேழில், அந்தக் கார் நின்றுபோகாத ஊர் அரிது. அவராக விரும்பி நிறுத்தித் தரிசித்தவை மூன்றோ நான்கோ. வெள்ளிதோறும் காருக்கு நீராட்டு, சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பிளக்கை மாற்றினார், பாட்டரியை மாற்றினார், டிரைவரை மூன்றுமுறை மாற்றினார். கார் மாறவில்லை.

பட்டறை வைத்திருந்த மீரா உசேன் பொறுமைசாலி.

“டாங்கியோட அடித்திருகைத் திறந்தா ரசத்து மண்டி மாதிரி வடியுதுங்க. டாங்கியை இறக்கி, உள்ள ரெண்டு கை ஜல்லி போட்டுக் குலுக்கி, அலசிக் காயவச்சாத் தீந்துச்சு. ஒரு நாள் வேலை.”

“எங்கப்பா காலத்து டாங்கி, பாய். அதுல அழுக்கா? இந்த ஆட்சி வந்ததுலேர்ந்து பெட்ரோலே சரியில்ல.”

“பெட்ரோலு கட்சிக் கொடி பாத்தா வருதுங்க?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. அந்த ஜெட்டைக் குடு.”

ஊதியபின் கார் ஓடுகிறதே என்பீர்கள். அரைமணி நேரம் நின்றால், டாங்கியின் குழாய்வாயை அடைத்த துரு தானே கீழே படிந்து வழிவிடும். அவர் ஊதினாலும் ஓடும். ஒரு பதிகம் பாடினாலும் ஓடும். இதை அவருக்கு யார் சொல்வது?

குத்தகைதாரர் பெயரைப் பதியவேண்டும் என்று சட்டம் வந்த புதிது. வாய்க்காலோரம் ஒரு வேலி நிலத்தை இருபது ஆண்டுகளாகக் குத்தகைக்கு உழுதுவந்த மருதையன், தன் பெயரைப் பதியச்சொல்லி மனுப் போட்டிருந்தான். விசாரணை இருமுறை தள்ளிப்போயிற்று. இருமுறையும் பஞ்சநதத்தின் கார் நடுவழியில் நின்றதே காரணம். இம்முறை அவர் வராவிட்டால் மருதையன் சொன்னபடியே பதிவாகும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. பதினொரு மணிக்குத் தாலுக்கா ஆபீசில் இருந்தாக வேண்டும். அன்று டிரைவர் வராததால் தாமே ஓட்டிவந்தார். மூன்று மைல் எஞ்சியிருக்கையில், பத்தரை மணிக்கு, கார் இருமி, விக்கி, நின்றது.

நான்காம் முறையாக அவர் ஊதிக்கொண்டிருந்தபோது மருதையன் சைக்கிளில் வந்து காலூன்றினான்.

“என்னங்கய்யா, இன்னைக்குக் கச்சேரி இங்கயா?”

“ஏண்டா, கிண்டலா? பெட்ரோல்ல தண்ணி.”

“தண்ணியில்லங்கய்யா, துரு. போன வருசம் வண்டியைத் தள்ளுறப்பவே சொன்னேன்.”

“என் டாங்கியைப் பத்தி நீ பேசாத!”

பேசிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். குரலிலிருந்த ‘டா’ உதிர்ந்தது.

“மருதையா... அந்தக் கேரியர் கெட்டியாப்பா?”

“வருசா வருசம் உங்க வீட்டுக்குக் குத்தகை நெல்லு சுமந்த கேரியர்ங்க. ஏறுங்க.”

“நான் வரலன்னா உனக்குத்தானே லாபம்?”

“‘இதான் கடைசி வாய்தா, இனிமே தள்ளமாட்டோம்’னு போனதடவையும்தான் சொன்னாங்க. எனக்கு நடவு கெடக்குங்க. நீங்க வந்தாத்தான் இது முடியும்.”

வேட்டியை ஒருகையால் இறுக்கி, வழக்குக் கட்டை மார்போடு அணைத்து, கால்களைத் தொங்கவிட்டு, தம் எதிர்க்கட்சிக்காரன் முதுகைப் பற்றியபடி மிராசுதார் ஊர்வலம் போனார். ஆபீஸ் வாசலில் இறங்கியபோது சன்னல் வழியே அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க. ‘மேற்படி மருதையன் என்பவரை நான் அறியேன், நிலம் என் சொந்தப் பண்ணை’ன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப யார் சைக்கிள்ள வந்தீங்க?”

“வழியில... யாரோ ஏத்திக்கிட்டு வந்தாங்க சார்.”

“அய்யாவுக்கு என்னைத் தெரியாதுங்க,” என்றான் மருதையன். “கேரியரைத் தெரியும்.”

ஆபீஸ் சிரித்தது. பஞ்சநதத்துக்கு இரத்தம் தலைக்கேறியது.

“என்ன திமிர் சார் இவனுக்கு! போன போகம் குத்தகையில அரைக்கலம் குறைச்சு அளந்தான்; அதைக் கேட்டதுலேர்ந்து இப்படித்தான் வாயடிக்கிறான்!”

அதிகாரி நிமிர்ந்தார். “குத்தகை... அளந்தார்,” என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். பேனா ஓய்ந்தபோது மருதையன் பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தது.

வெயிலில் மூன்று மைல் நடந்து புளியமரத்தடிக்கு மீண்டார் பஞ்சநதம். சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக் கிளம்பியது. “வண்டிக்கு ஒண்ணுமில்ல!” என்று மரத்தின்மேலிருந்த காக்கைக்கு அறிவித்தார்.

வீட்டில் மனைவி அம்சத்திடம் தீர்ப்பை வேறுவிதமாக வாசித்தார்: “பெட்ரோல்ல தண்ணி கலக்காம இருந்திருந்தா, கார்லயே போய் எறங்கியிருப்பேன். அவன் பேரு பதிவாயிருக்காது.”

“அறியேன்னு எழுதிக் குடுத்ததும் அந்தப் பெட்ரோல் பங்க்காரன்தானா?” என்றாள் அம்சம், முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே.

 மறுநாள் முதல் வேறு பங்கில் பெட்ரோல் போடும்படி டிரைவரிடம் சொன்னார் பஞ்சநதம்.

அன்புடையீர், இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். மைத்துனரோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ. ‘அப்படியே அவர்தான்!’ என்று தொடையைத் தட்டியும் இருப்பீர்கள். அவ்வளவு விரைந்து அவரை ஏன் நினைத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. எழுந்துபோய், உதட்டில் ஒட்டியிருக்கும் துருவை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள்.