தம்போய் ஐஸ் கப்பல்

உலகத்திலேயே உறைந்த கடலைப் பற்றி அதிகம் கவலைப்பட்ட மனிதர், வருஷம் முழுக்க வியர்த்துக்கொட்டும் எங்கள் ஊர் தம்போயில்தான் இருந்தார். எங்கள் லாரிப் பட்டறை வெல்டர். நூற்றிருபது கிலோ. ஊரே அவரை ‘ஐஸ் கப்பல்’ என்றுதான் கூப்பிடும்.

எந்தப் பழைய பத்திரிகையில் படித்தாரோ, தேநீர் வேளைக்குத் தேநீர் வேளை அதே கதைதான்.

“அந்தக் காலத்து ரஷ்யாக்காரரு, தம்பி. கப்பல் கட்டுறவரு. கடல் ஒறஞ்சு கெடக்கு. மத்த கப்பலெல்லாம் ஐஸை முட்டி முட்டி மூக்கு ஒடஞ்சிச்சு. இவரு தன் கப்பலோட மூக்கைச் சரிவா வெட்டுனாரு. கப்பல் ஐஸ் மேல ஏறி உக்காந்துச்சு. கனம் தாங்காம ஐஸு படார்! முட்டாத, ஏறி உக்காரு. அவ்ளோதான்லா வாழ்க்கை.”

சும்மா சொல்கிற ஆள் இல்லை. முதலாளி லீவு தரமாட்டேன் என்றால் சண்டை போடமாட்டார். எதிர் நாற்காலியில் சிரித்தபடி உட்கார்ந்துவிடுவார். மத்தியானத்துக்குள் லீவு வந்துவிடும். ஒருமுறை மூலைக்கடை ஃப்ரீசரில் பனி இறுகிவிட்டது என்று அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். பனி அப்படியே இருந்தது, ஃப்ரீசர்தான் போய்விட்டது.

அப்போது நான் செல்வியைக் கட்டிக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவுக்கு மூவார் டவுனில் நாற்காலிக் கடை. “பட்டறைக்காரனுக்குப் பொண்ணு கெடையாது” என்று இரண்டு முறை விரட்டிவிட்டார். அடுத்த வாரம் வேறு மாப்பிள்ளை பெண் பார்க்க வருவதாகச் செல்வி அழுதாள். தாய் தகப்பன் இல்லாத நான், பெரியவர் என்று கப்பலைத்தான் கூட்டிப்போனேன்.

போனவர் கடை நடுவில் இருந்த புது நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை.

“என்னய்யா வேணும்?” என்றார் மாமா.

“பொண்ணு. இவனுக்கு.”

“முடியாது.”

“பரவால்ல. உக்காந்திருக்கேன்.”

படார்! நாற்காலி நாலு காலையும் விரித்தது. கப்பல் தரையில். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

“அலமாக்! என் நாற்காலி ஒடஞ்சதே இல்லையே!” மாமா முகம் வெளுத்துப்போனது.

நான் குனிந்து பார்த்தேன். “அடியில இரும்புப் பட்டை குடுத்தா தாங்கும் மாமா.” பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் மெஷின் இரவல் வாங்கிச் சாயங்காலத்துக்குள் முடித்தேன். கப்பல் மறுபடி உட்கார்ந்தார். கிறீச் சத்தம்கூட இல்லை. மாமா கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து பார்த்தார், தாங்கியது. சிரித்துவிட்டார்.

“பட்டறைக்காரன் கை பரவால்லலா. செல்வி, இவங்களுக்குச் சோறு போடு.”

விழுந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டதைக் கப்பல் யாரிடமும் சொல்லவில்லை. நொண்டிக்கொண்டே வந்து கல்யாணத்தில் எனக்கு அப்பா இடத்தில் நின்றார்.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அந்த நாற்காலி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, செல்வி தினமும் துடைக்கிறாள். பட்டை இன்னும் உறுதியாக இருக்கிறது, கப்பலண்ணே. ஒரு தரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்களேன்.