எட்டு மனையும் விட்டுப்போன வழியும்

இதை முதலில் எனக்குச் சொன்னவள் என் மகள். பதினோரு வருஷத்துக்கு முன், கம்ப்யூட்டர் நெட்வொர்க் பரீட்சைக்குப் படித்தபோது. நான் காய் நறுக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எட்டுக் கட்டம் போட்டாள்.

"பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாப் பிரிக்கிறதுதாம்மா சப்நெட். இதுல எட்டு ஐ.பி. எண், ஒரு போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ ஒரு எண். ஆனா எட்டுப் பேர் குடியேற முடியாது. முதல் எண் அந்தப் பிரிவோட பேருக்கு. கடைசி எண் எல்லாரையும் ஒரே நேரத்துல கூப்பிட. இன்னொண்ணு வைஃபை பெட்டிக்கு. மிச்சம்?"

"அஞ்சு. அந்தக் கடைசி எண் நான்தானே?"

சிரித்தாள். அப்போதெல்லாம் "சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று கதவு திறக்கும். இப்போது அதே குரலுக்கு இவர் ஒருவர்தான் வருகிறார், அதுவும் மூன்றாவது தடவை கூப்பிட்டால்.

போன வாரம் மகளும், மகன் குடும்பமும் வருவதாகப் போன் வந்தது. இங்கிருந்தே வேலை பார்க்க முடிந்தால் செவ்வாய் வரை தங்குவார்கள். இல்லையென்றால் ஞாயிறே கிளம்பிவிடுவார்கள்.

இவர் ஓய்வுபெற்ற நில அளவையர். எங்கேயோ படித்துவிட்டு, மனை பிரிப்பதுபோல் வீட்டு வைஃபையைப் பிரிக்க உட்கார்ந்தார்.

"எனக்குப் பதினாறு எண். வர்றவங்களுக்கு எட்டு. என் செஸ் ஆட்டத்துல யாரும் குறுக்க வரக்கூடாது."

"அவங்ககிட்ட போனு, லேப்டாப்புன்னு ஏழு இருக்கே."

"எட்டுல ஏழு அடங்காதா? முப்பது வருஷம் அளந்தவன்டி நான்."

"அதான் கேக்கறேன். உங்களுதும் ஏழுதானே? இவ்வளவு அளக்கத் தெரிஞ்சவருக்குப் பதினாறு எதுக்கு?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு எட்டே தாராளம். பெரிசை அவங்களுக்கே குடு."

கண்ணை மூடிக்கொண்டேன். கடவுளே, நான் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பிள்ளைகளுடைய ஏழும் ஒட்டிக்கொண்டன. இவருக்கு டிவி, கம்ப்யூட்டர், பிரிண்டர், வாசல் கேமரா, பழைய போன், அஞ்சு வரை சரி. புதுப் போனும் செஸ் ஆடும் டேப்லெட்டும் வாசலிலேயே நின்றுவிட்டன.

வேறு வழியில்லாமல், மகன் சின்ன வயதில் ஆடிய செஸ் பலகையைத் தேடியெடுத்து, பேத்தியோடு தரையில் உட்கார்ந்தார். "சாப்பிட வாங்க" என்றேன். ஒரே குரல்தான். முதலில் எழுந்து வந்தவர் இவர்.

இன்னமும் வைஃபை பெட்டியில்தான் கோளாறு என்கிறார். வழிக்கு இடம் விடாமல் மனை பிரித்த அளவையரை இப்போதுதான் பார்க்கிறேன். அவரிடம் நீங்கள் சொல்வதாக இருந்தால், புதன்கிழமை சொல்லுங்கள். பிள்ளைகள் செவ்வாய்தான் கிளம்புகிறார்கள்.