ஜப்பான் கோட்டில் ஈரோட்டு மஞ்சள்

புதுத் துணியைக் கண்டால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் என் கை நிற்காது. கைக்குட்டைக்குக்கூட வைத்திருக்கிறேன். அந்தக் கை என் மகள் ஹேமாவின் முதல் வேலையைத் தின்றது.

நாங்கள் பெங்களூரில் ஈஜிபுராவில் குடியிருந்தோம். இந்திராநகரில் ஒரு துணிக்கடையில் ஹேமாவுக்கு வேலை கிடைத்திருந்தது. துணிக்கடை என்று நான்தான் சொல்வேன். அவள் 'பொட்டீக்' என்பாள். வெள்ளையடித்த பெரிய கூடம், அதில் மொத்தமே ஏழெட்டு உடுப்புகள். (பாவம், வியாபாரம் நொடித்துவிட்டது போல என்று நினைத்தேன்.) டோக்கியோவிலும் பாரிஸிலும் இப்படித்தான் கடை வைப்பார்களாம். வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மாதம் பாக்கி. அதற்காக நான் வேண்டாத தெய்வமில்லை.

ஒரு மாலை ஜப்பானிலிருந்து பார்சல் வந்தது. முதலாளியம்மா வெளியூரில் இருந்தார். "கடை பூட்டற நேரமாச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பிரிச்சு, சுருக்கம் போக மாட்டி வை. காலையில நானும் வந்துடுவேன், கஸ்டமர் வர்றாங்க" என்று போனில் சொல்லிவிட்டார்.

பிரித்தால் ஒரு வெள்ளைக் கோட்டு. தையலெல்லாம் வெளியே தெரிந்தது. ஒரு கை முழங்கையோடு நின்றது, இன்னொரு கை முழங்கால் வரை தொங்கியது.

"தைச்சவனுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் என் கணவர்.

"அதுதாம்பா டிசைன். தொடாதீங்க."

அவர் தொடவில்லை. மறுநாள் காலை ஹேமா குளிக்கப் போனதும் நான் தொட்டேன். என் பெண் வேலையில் நிலைக்க வேண்டுமே. யார் கண்ணிலும் படாத உள்பக்கமாக, கீழே தொங்கிய ஓரத்தில் துளி மஞ்சள் வைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவள் அப்படியே நின்றாள். "அம்மா, நீ உள்பக்கம்னு நினைச்சது வெளிப்பக்கம்." அந்த ஓரத்தைத் தூக்கிக் காட்டி, "கீழ தொங்குதே, அதை எடுத்துக் கழுத்துல சுத்திக்கணும்."

பதறிப்போய் சோப்பு போட்டேன். மஞ்சள் சிவந்துவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு போட்டுச் சிவக்கவைத்து எத்தனை ஆரத்தி கரைத்திருக்கிறேன், சோப்புக்கும் சிவக்கும் என்று அப்போது தோன்றவில்லை. வெயிலில் கறை போகும் என்று மாடிக்கு ஓடினேன். பெங்களூர் வானம் அன்றைக்கென்று மூடிக்கிடந்தது.

மன்னிப்புக் கேட்க நானும் கூடப் போனேன். "நீ வாயைத் திறக்காத, நான் பாத்துக்கறேன்" என்று ஆட்டோ முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள் ஹேமா.

முதலாளியம்மா கறையைப் பார்த்தார். "என்ன இது ஹேமா?"

"பெட்டியிலேயே இப்படித்தான் வந்தது மேடம்."

"அப்படியா? இப்பவே ஜப்பானுக்கு போன் போடறேன். பேக் பண்ணினது யாருன்னு கேக்கறேன்."

அவர் எண்களை அழுத்த அழுத்த, அங்கே பெட்டி கட்டிய ஏதோ ஒரு பெண்ணின் முகம் என் கண்ணில் வந்தது. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளும் எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாளோ.

"வேண்டாம்மா" என்றேன். "ஜப்பான்ல ஏது இந்த மாதிரி மஞ்சள்? இது எங்க வீட்டு மஞ்சள். நல்ல ஈரோட்டு மஞ்சள்."

ஹேமா கண்ணை மூடிக்கொண்டாள். முதலாளியம்மா போனை வைத்தார். "கறையைக்கூட விட்டுடுவேன் ஆன்ட்டி. இவ பொய் சொன்னாளே" என்றார். அதோடு அந்த வேலை போனது.

பிறகு ஹேமாவுக்கு வேறு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. இன்று வீட்டில் எது உடைந்தாலும், சாம்பாரில் உப்பு கூடினாலும், "பெட்டியிலேயே இப்படித்தான் வந்தது" என்பார் என் கணவர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மருமகன் ஆபீஸுக்குப் போன் செய்து இல்லாத காய்ச்சலைச் சொல்ல வேண்டிய நாட்களில், ஹேமா முதலில் என்னைக் கொத்தமல்லி வாங்க அனுப்பிவிடுகிறாள். நானும் பையை எடுத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் படியிறங்கிவிடுகிறேன்.