கோயிலுக்குப் போன விளைமீன்

ஒரு பொருளை ஒளித்து வைப்பதில் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரியாக இருந்தால், கடைசியில் ஒளித்தவளுக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். இதை நான் உயிரியல் படிக்கப் போய்த்தான் கற்றுக்கொண்டேன். (உயிரியலைக் கற்றுக்கொண்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

உயர்தரத்தில் நான் வர்த்தகப் பிரிவு. தாதியியல் பட்டப்படிப்பில் சேர ஆசை வந்தபோது, முதலில் ஒரு வருடம் பல்கலைக்கழகத்தில் பவுண்டேஷன் படிக்க வேண்டும், அதில் உயிரியலும் பாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். மற்றப் பாடங்களை எப்படியோ சமாளித்துவிட்டேன். உயிரியல் செய்முறைப் பரீட்சை மட்டும் மிச்சம். அதிலே கோட்டை விட்டால் பட்டப்படிப்பு இல்லை. நேரே நீர்வேலியில் அப்பாவின் வாழைத்தோட்டம்தான்.

பரீட்சைக்கு ஆளுக்கொரு முழு மீன் கொண்டுவர வேண்டும், செதில்கூடக் கழற்றக் கூடாது என்றார் மிஸ். அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் அம்மன் கோயிலில் திருவிழா. கொடியேறினால் எங்கள் வீட்டில் மரக்கறிதான். மீன் வாசல் படலையைத் தாண்டக் கூடாது. அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அம்மா, இது சாப்பிடுறதுக்கில்லை. படிக்கிறதுக்கு."

"படிக்கிற மீன் மணக்காதோ?" என்றார் அம்மா.

ஆகவே மூளையைப் பாவித்தேன். (அதுதான் பிழை.) முதல்நாள் பின்னேரம் சந்தையில் ஒரு விளைமீன் வாங்கி, மணம் போகத் தேசிக்காய்ப் புளி பூசி, பொலித்தீனில் சுற்றி, அதன்மேல் வாழையிலை வைத்து வாழைநாரால் கட்டினேன். அம்மா கோயிலுக்குப் பூ கட்டி அனுப்புவதும் அப்படித்தான். யார் பார்த்தாலும் பூப்பொட்டலம் என்றே நினைப்பார்கள். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, தோட்டத்து மோட்டர் கொட்டிலில் ஒளித்துவிட்டு, 'நீ பெரிய ஆள்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடியக் கொட்டிலில் இருந்து மீனை எடுத்துப் பைக்குள் வைத்து, ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வரும்போது அம்மா ஓடிவந்தார்.

"பிள்ளை, போற வழியிலை இந்தப் பூவைக் கோயில்லை அப்பாட்டைக் குடுத்திட்டுப் போ."

இலையில் சுற்றி, நாரால் கட்டி, தண்ணீர் தெளித்து, குளிரக் குளிர இன்னொரு பொட்டலம். அதையும் அதே பைக்குள் போட்டேன். கனத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கலாமே என்பீர்கள். பரீட்சைக்குப் பிந்திப் போகிறவளுக்குத் தனக்குக் கை இருப்பதே தெரியாது. கோயில் வாசலில் நின்ற அப்பாவிடம், கையில் அகப்பட்டதைக் கொடுத்துவிட்டுப் பறந்தேன்.

ஆய்வுகூடத்தில் எல்லோருடைய தட்டிலும் மீன். நான் நாரை அவிழ்த்தேன். உள்ளே சிவப்புச் சிவப்பாகச் செவ்வரத்தம்பூ.

மிஸ் பருத்தித்துறைப் பக்கம், கடல் தொழில் செய்கிற குடும்பம். குனிந்து பார்த்தார்.

"இது எந்தக் கடல்லை பிடிச்ச மீன், பிள்ளை?"

"மிஸ், என்ரை மீன் கோயிலுக்குப் போயிட்டுது."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பரீட்சை போனது ஒருபக்கம். ஐயர் அம்மனுக்கு முன்னால் அந்த இலையை விரிக்கப் போவது மறுபக்கம்.

மிஸ் சிரிக்கவில்லை. "முதல்லை கோல் எடும்" என்று தன் போனையே நீட்டினார்.

போன் மணி அடித்து ஓயப்போகும் நேரத்தில் அப்பா எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அப்பா, அந்தப் பொட்டலத்தைத் திறக்காதேங்கோ. அது பூ இல்லை, மீன்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "திறக்கேல்லை. ஆனால் ஐயர் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறார்."

அடுத்ததாக, சற்றுச் சத்தமாக, "ஐயா, இந்தப் பூ வாடிப்போச்சுது. வேறை கொண்டுவாறன்" என்று அவர் சொல்வது கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன்பிறகுதான் மிஸ் சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "பூவும் பாடத்திட்டத்திலை இருக்கு. வெட்டும், பாப்பம்."

வெட்டினேன். சூலகம், மகரந்தக்கூடு என்று கேட்டதையெல்லாம் காட்டினேன். பாஸ். அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு குளிர்கிறது. மீனாக இருந்திருந்தால் சத்தியமாகப் பெயில். பித்தப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாது.

விளைமீனை அப்பா ஒரு வாழையடியில் குழி வெட்டித் தாட்டுவிட்டார். அம்மாவிடம் மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் அந்த வாழை சும்மா இருக்கவில்லை. தோட்டத்திலேயே பெரிய குலையைப் போட்டது. அம்மாவுக்கு ஒரே பெருமை.

"இதுக்கு என்ன உரம் போட்டனீங்கள்? மிச்ச வாழையளுக்கும் அதையே போடுவம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் குலையைப் பார்த்தேன். கடைசியில் அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா குலையை ஒருதரம் சுற்றிவந்து பார்த்தார். கோயிலுக்கு நேர்ந்து ஏதும் செய்யச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன்.

"அப்ப, பாஸ் பண்ணினது என்ரை செவ்வரத்தை" என்றார்.

இப்போது நான் ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது மகள் கெட்டிக்காரி என்று புகழ்ந்தால், அம்மா முற்றத்துச் செவ்வரத்தையைக் காட்டுவார்.

"உவதான் படிச்சவ. இவ சும்மா கூடப் போனவ."