பட்டாசு காத்த நீச்சல் குளம்

காஞ்சிபுரத்தில் பட்டாசு அண்ணன் திட்டாத ஆள் ஒருவர் இருந்தார் என்றால், அவர் அன்றைக்கு ஊரில் இல்லை என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைப்பது அவர் தொழில். தறியில் பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை அதன் முனையோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கப் பக்கத்தில் கொட்டாங்குச்சியில் சாம்பல் இருக்கும். இழையிடம் அத்தனை பொறுமை. மனிதரிடம் துளியும் கிடையாது. திட்டுத் தாங்காமல் தறிக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரு பட்டுக்கடை முதலாளி, ஐயம்பேட்டைப் பக்கத்துத் தோப்பில் தறிக்காரப் பிள்ளைகளுக்காகக் கட்டிய நீச்சல் குளத்துக்கு அவரைக் காவல் போட்டார்.

அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் நனைய மாட்டார். கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுப்பார்.

“கையப் போட்றா! கால அடிச்சிக்கினே இரு! நீ என்னா கட்டையா, மெதந்துக்கினு இருக்க?”

நான் ஐந்தாம் வகுப்போடு ஓடிப்போய், அரக்கோணத்தில் டீ கிளாஸ் கழுவி, திருத்தணியில் கல் சுமந்து, கொத்து வேலை பழகி அங்கே எடுபிடியாக வந்து சேர்ந்து, அண்ணனின் திட்டிலேயே நீந்தவும் கற்றிருந்தேன். அப்போது குளத்தின் டைல்ஸ் கல் தேய்ந்து, விளிம்பு உடைந்து, இறங்குகிறவன் காலையெல்லாம் கிழித்தது. முதலாளி பட்டணத்திலிருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்தார்.

“மொத்தமா பேத்துட்டுப் புதுசு போடணும் சார்” என்றார் மேஸ்திரி.

“புதுசா? மண்ணக் கொட்டி மூடிட்டு நூல் குடோன் கட்டிக்கிறேன்.”

பட்டாசு வெடித்தது.

“ஏன் மொதலாளி, பாவுல நாலு இழ அறுந்தா தறியக் கொளுத்துவியா? கெட்ட கல்ல மட்டும் எடுத்துட்டு, நல்ல கல்லோட பிணைக்க முடியாதா?”

“பிணைச்சிக் காட்டு. வர்ற அமாவாசைக்கு வருவேன். ஒருத்தன் கால்ல ரத்தம் வந்தாலும் மண்ணு லாரி உள்ள வந்துரும்.”

அமாவாசையன்று தறிகளுக்கு விடுமுறை. பையன்கள் கூட்டமாக வந்து விழும் நாள் அதுதான்.

குளத்தை வற்றவிட்டு இறங்கினோம். ஆடிய கல்லைப் பெயர்த்தோம். கூரான விளிம்பைச் சாணைக்கல்லால் தேய்த்தோம். அண்ணன் புதுக் கல்லை எடுத்துக் கொடுக்க நான் பதித்தேன். காயவிட்டுத் தண்ணீர் விட்டால், வைத்ததெல்லாம் கழன்று அடியில் கிடந்தது.

அண்ணன் என் சிமெண்டைத் திட்டினார். பாலாற்று மணலைத் திட்டினார். என் வம்சத்துக்கு வந்தபோது எனக்கும் தலைக்கேறியது.

“யோவ், கையக் காட்டுய்யா!”

காட்டினார். விரலெல்லாம் சாம்பல். மடியில் கொட்டாங்குச்சி. கல்லைத் தொடுமுன் ஒரு சிட்டிகை தொட்டு, கல்லின் முதுகில் நன்றாகப் பூசியே ஒவ்வொன்றையும் கொடுத்திருக்கிறார். சிமெண்ட் எதைப் பிடிக்கும்?

“பிணைக்கிற வேலன்னா கை தானா சாம்பலுக்குப் போவுதுடா” என்றார், குரலே இல்லாமல். அடுத்த நொடி கொட்டாங்குச்சியைத் தோப்புக்குள் வீசி, அதையும் திட்டினார்.

மறுபடி வற்றவிட்டு, கழன்ற கல்லைத் தேய்த்துக் கழுவிப் பதித்தேன். அண்ணன் கைகளைத் துண்டால் பின்னால் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். வாயைக் கட்டத் துண்டு மிச்சமில்லை.

அமாவாசையன்று வாசலில் மண் லாரி நின்றது. பையன்கள் குதித்தார்கள், ஓடினார்கள், ஏறினார்கள். முதலாளி ஒவ்வொருவன் பாதமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் படியில் இறங்கி, கல்லைக் காலால் தேய்த்தார்.

“ரத்தம் இல்ல. ஆனா பழசும் புதுசும் ஒட்டுப்போட்ட துணி மாதிரி அசிங்கமா இருக்குதேபா.”

“குளிக்க வர்றவன் கல்லையா கட்டிக்கப் போறான்?” என்றார் அண்ணன்.

முதலாளி சிரித்துவிட்டார். லாரி திரும்பிப் போனது.

வம்சத்தைத் திட்டிய கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. “நீந்தவே தெரியாத ஆளு. இந்தக் குளத்துக்கு எதுக்கு அண்ணே இவ்ளோ வெறி?” என்றேன்.

அண்ணன் குனிந்து, விளிம்பில் பதித்த கல்லைத் தட்டிப் பார்த்தார்.

“என் தம்பி இந்த மாதிரி ஒரு அமாவாசைல கோயில் குளத்துல முழுகிப் போனான். நான் கரைல நின்னுக்கினு கத்துனேன்டா. கத்த மட்டுந்தான் தெரிஞ்சிது. ஒரு நாயும் வரல.” உடனே நிமிர்ந்தார். “டேய் செவப்பு டவுசரு! ஆழத்துக்குப் போவாத! சொல்றது காதுல விழல?”

அடுத்த வாரம் நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். பிறகு எத்தனையோ ஊர்த் தண்ணீர். இன்றும் கரையில் நின்று யாராவது திட்டினால்தான் எனக்குத் தைரியமாக இறங்க வருகிறது.